மூன்றரைக் கதிர்

1934 ஜூலை 9, திங்கள்

விடியலிலிருந்து தூறல். அலவத்துகொடையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் ஆறு கோடிக் குலுக்கல், எண்ணிக்கொண்டே வந்தேன். என் இரும்புக்கடை திறக்கவில்லை. நகரம் ஆணியில்லாமல் தவித்திருக்கும்.

ராத்தாவின் மகள் சுலைகாவுக்கு, என் அக்கா மகளுக்கு, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே. வயது பதினாலு. இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பில் நோவு, வீக்கம். நாலு மாதம். போன வாரம் டொக்டர் தாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலைப் பார்த்தார். உள்ளே பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

இரகசியம்: புறப்படுமுன் ராத்தா குளிக்கப் போன நேரத்தில் என் மகா மருந்தைப் பூசிவிட்டேன். இரும்பு துருப்பிடிக்காமல் பூசும் சிவப்பு ஈயப் பொடி, தேங்காயெண்ணெய். இரும்பைக் காப்பது எலும்பைக் காக்காதா? நாலு விரல்களால், எலும்புக்குக் குறுக்கே, ஒரே இழுப்பு. (மோதிர விரல் பாதிதான். சிறுத்தை கடித்தது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். தகரம் வெட்டியது.) மேலே துணிக்கட்டு.

"எரியுமா மாமா?"

"பக்தாத் சுல்தானுக்குப் பூசின மருந்துடி இது."

"சுல்தான் இப்ப எங்க?"

"மௌத்தாகிட்டார். மண்ணுக்குள்ள."

"அப்ப சரி. பூசுங்கோ."

படம் பிடிக்கும் அறையில் ஆண் உதவியாளர். கட்டை அவிழ்க்கச் சொன்னார். ராத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள். "கொமர்ப் புள்ளட கால ஆம்புளக்கி முன்னால தொறக்க ஏலா."

நான் முழங்கினேன்: "இந்த ஒளி கண்டி மலையையே துளைக்கும். ஒரு முழத் துணி அதுக்கு எந்த மூலைக்கு?" அவர் சிரித்தார். கட்டோடேயே எடுத்தார். என் வெற்றி.

ஜூலை 12, வியாழன்

மழை இல்லை. இருந்திருக்கலாம்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எங்கள் சுலைகாவின் எலும்பு, புகைக்குள் நிற்கும் மரம்போல. அதிலிருந்து பக்கவாட்டில் வெள்ளைக் கோடுகள்.

"இஞ்ச பாருங்கோ. எலும்பிலயிருந்து கதிர் அடிக்கிற மாதிரி. இப்பிடித் தெரிஞ்சால் கெட்ட கட்டி எண்டுதான் நினைக்க வேணும்."

"அதுக்கு என்ன செய்யிற, டொக்டர்?"

"முழங்காலுக்கு மேல வெட்டி எடுக்க வேணும். பொறுத்தால் நெஞ்சுக்குப் போயிடும்."

கோடுகளை எண்ணினேன். வேறென்ன செய்ய? நாலு. மூன்று நீளம், ஒன்று குட்டை.

மச்சான், ராத்தாவின் கணவர், மௌத்தாகி மூன்று வருடம். கையெழுத்துப் போட வேண்டியவன் நான். திங்கட்கிழமை வெட்டு. பேனாவை எடுத்தேன், வைத்தேன். சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

வீட்டில் ராத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். நிறுத்தாமல் புடைத்தாள். சுளகு காலியான பிறகும்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், சவர்க்காரம், ஊன்றுகோல் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க.

ஜூலை 13, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்கு வுளு செய்து கைகழுவும்போது. வலது கை. நகக்கண்ணில் இன்னும் சிவப்பு. தண்ணீருக்குள் விரலை விரித்துப் பார்த்தேன். மூன்று நீளம், ஒன்று குட்டை.

பள்ளியில் குத்பாப் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று தெரியாது.

படத்தில் விழுந்தது என் கைதானா? ஆசைப்பட்டால் கண் எதையும் காட்டும். நான் சிறுத்தையையே காட்டியவன். ஆனால் கோடு என் கை என்றால், கால் போவதும் என் கையால். அந்த மருந்தைப் பூசக்கூடாது என்று ராத்தா நோவு தொடங்கின அன்றே சத்தியம் வாங்கியிருந்தாள்.

ராத்தாவிடம் சொன்னேன். பூசியதை, துணியோடு எடுக்க வைத்ததை, எல்லாம். பெரிதாக்காமல்.

"ஒன்ட நாக்கையும் கையையும் கடையிலயே வெச்சிப் பூட்டிட்டு வந்தீக்கலாம்."

அவ்வளவுதான். இரவுச் சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 14, சனி

டொக்டர் என் கையைப் பிடித்துப் படத்தின்மேல் வைத்தார். நீளம் பொருந்தவில்லை, சாய்வும் இடைவெளியும் பொருந்தின. பாதி விரலுக்கு நேரே பாதிக் கோடு.

"ஈயத்துக்குள்ளால கதிர் போகாது, படத்தில வெள்ளையாய் விழும். உதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"வெக்கம், டொக்டர்."

"ஓம்." பிறகு மெல்ல, "கட்டை அவிழ்த்துப் பாக்காமல் படத்தை நம்பினது என்ர பிழையும்தான்."

தாதி சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். மூன்று தரம். ஆண் உதவியாளர் வெளியே. கருவிக்குப் பக்கத்தில் டொக்டரே. ராத்தா சுவரைப் பார்த்து நின்றாள், தடுக்கவில்லை. சுலைகா: "சுல்தான்ட மருந்து போகுது மாமா."

இரண்டாம் படம். கதிர் இல்லை. எலும்புக்குள் சிறிய கறுப்புக் குழி, அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு. கட்டுக்கிணறு மாதிரி.

"கெட்ட கட்டி இப்பிடி வரம்பு கட்ட விடாது. அரிச்சுக்கொண்டு போகும். இது கனநாளாய் அடங்கிக் கிடக்கிற சீழ். அநேகமாய்."

"அநேகமாயா?"

"திறந்து பாத்தால்தான் நிச்சயம். உள்ளுக்கு வேற மாதிரி இருந்தால், அப்பவே காலை எடுப்பம்."

அந்த 'அநேகமாய்'. என் ஆயுளில் நான் ஒருமுறையும் சொல்லாத சொல். வழியெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஊன்றுகோலைவிடக் கனம்.

கையெழுத்துப் போட்டாயிற்று.

ஜூலை 16, திங்கள்

வெயில். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்தாவும் நானும், ஒரே வாங்குப் பலகையில், இரு முனையில். அவள் உதட்டில் ஓதல். நான் தூண்களை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

டொக்டர் வந்தார். கையில் ஈரம். "சீழ்தான்" என்றார்.

ராத்தா வாங்கில் நகர்ந்து என் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

பின்நேரம் சுலைகாவுக்கு மயக்கம் தெளிந்தது. கால் முழுக்கக் கட்டு, அசைக்க முடியவில்லை. போர்வையைத் தூக்கப் பயம். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, கால் எத்தன ஈக்கிது?"

"ரெண்டு."

"நீங்க ஒன்ன நூறாக்கிற ஆள்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உம்மா, நீங்க சொல்லுங்கோ."