இராக்கம்மா வாய் மூடும் இடம்

பதுளை,
12.8.1972

அன்பு மகள் நேசமலருக்கு அப்பா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். அங்கே நீ சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லித்தான் முழங்கால் போடுகிறோம். கச்சான் காற்று ஓயவில்லை, ஆலயத்துக் கூரையில் இரண்டு தகரம் கழன்று கிடக்கிறது. பஜாரில் பாறூக் நானா உன்னை விசாரித்தார், மகள் எப்ப வாறாங்க என்று கேட்டார், நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம்தான் குறையவில்லை. மாப்பிள்ளை குடித்துவிட்டுக் கைநீட்டினார் என்று நீ வீட்டை விட்டு வந்து பள்ளிக்கூட விடுதியில் தங்கியிருக்கிறாய், நானோ அவரை மன்னித்துத் திரும்பிப் போ, கிறிஸ்தவப் பெண்ணுக்கு அதுதான் அழகு என்று எழுதினேன் அல்லவா, அதைத் தபாலில் போட்ட நாளிலிருந்து அவள் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டு, அடி வாங்கினது யாரு, மன்னிக்கச் சொல்றது யாரு என்று சுவரிடம் கேட்கிறாள்.

அந்தக் கடிதத்தை நான் எந்த மனநிலையில் எழுதினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஸ்பிரிங்வெளிப் பாதையில் நான் மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை நடத்தப் போகிற சின்னத் தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு, அங்கே கொழுந்து பறிக்கிற இராக்கம்மாவை நீ சிறு வயதில் பார்த்திருப்பாய். ஞானஸ்நானத்தில் ராகேல் என்று பெயர் வைத்தேன், என்னைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, போகப் போக நானும் விட்டுவிட்டேன். அவளுடைய ஒரே மகன் காய்ச்சலோடு கிடந்தபோது, பாசாங்கு பண்றான் என்று மாடசாமிக் கங்காணி அவனைக் கொட்டுகிற மழையில் பெரட்டுக்கு, காலையில் பேர் கூப்பிடுகிற வரிசைக்கு, இழுத்துப் போய் நிறுத்தினார், அந்த வாரமே பையன் போய்விட்டான். அதற்குப் பிறகு பரமண்டல ஜெபத்தில், பிறர் குற்றத்தை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வருகிற இடத்தில் அவள் வாயை மூடிக்கொள்வாள். கணீரென்ற குரல் அவளுக்கு, அது நின்றால் ஆலயமே பாதியாகிப் போனது தெரியும். அந்த வரி தாண்டியதும் மறுபடியும் சேர்ந்துகொள்வாள். எத்தனையோ வருடம் நானும் கேளாதவன்போல் இருந்தேன். அப்படியே இருந்திருக்கலாம்.

இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் பட்டியலில் மாடசாமிக்குப் பேர் வந்துவிட்டது. அவர் நம்முடைய சபைக்காரர் அல்ல, ஆனாலும் என்னைத் தேடி வந்து, சாமி, கப்பல் ஏறப் போறேன், அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னா நிம்மதியாப் போயிருவேன் என்று அழுதார். கிழவன் உண்மையாகத்தான் அழுதார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கும் மனம் இளகிவிட்டது, கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது, ஒளிப்பானேன். போன மாதத் திருவிருந்தன்று அவரை உள்ளே அழைத்து எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, இராக்கம்மாவைக் கூப்பிட்டு, இவர் கையைப் பிடித்துச் சொல்லம்மா என்றேன். அவள் பிடித்தாள். மன்னிச்சிட்டேங்க சாமி என்றாள். அதை அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். பெரட்டில் பேர் கூப்பிட்டால் இருக்கேங்க என்று சொல்வார்களே, அந்தக் குரல். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது, நானும் துடைத்தேன், அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து அன்று பின்னேரமே உனக்கு எழுதினேன்.

இந்த மாதம் அவள் ஆலயத்துக்கு வரவில்லை. சுகமில்லையோ என்று வியாழக்கிழமை அவள் குடியிருக்கிற லயத்துக்குப் போனேன். பாய் விரித்து உட்காரவைத்து, சீனி இல்லை என்று கருப்பட்டித் துண்டோடு சாயத் தேநீர் கொடுத்தாள், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஏனம்மா வரவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சாமி, அந்த எடத்துல மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்தேன், அது ஆண்டவருக்குத் தெரியும், அதுல எனக்கும் அவருக்கும் ஒரு சண்டையும் இல்ல, ஒருநாள் வாய் வந்தா நானே சொல்லியிருப்பேன், இப்ப அவரு வீட்டுல வச்சே என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்களே, இனி எந்த வாயோட வந்து ஜெபம் பண்றது என்றாள். இத்தனை காலம் பிரசங்கம் பண்ணியவன் நான், மலர். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்கவே வெட்கமாக இருந்தது. மாடசாமி நிம்மதியாகக் கப்பலேறிவிட்டார், அவருக்கு அந்த நிம்மதியை நான் இவளிடமிருந்து பிடுங்கிக் கொடுத்திருக்கிறேன். அவள் திரும்ப வருவாளா என்று தெரியவில்லை, வா என்று சொல்லவும் எனக்கு வாயில்லை.

வீட்டுக்கு வந்தால் மேசையில் உன் பதில். நீங்கள் சொன்னபடியே மன்னித்துவிட்டேன் அப்பா, மாதக் கடைசியில் அவரிடம் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீங்கள் சொன்னபடியே. அதை வாசித்ததும் இராக்கம்மாவின் அந்தக் குரல்தான் காதில் விழுந்தது. மகளே, போகாதே. மன்னிப்பு ஆண்டவர் கட்டளைதான், அதை நான் மாற்றிப் பேசவில்லை, ஆனால் அது உன் வாயில் தானாக வர வேண்டும், நான் திணித்து வரக்கூடாது. வந்தாலும்கூட, மன்னிப்பது வேறு, கைநீட்டுகிறவன் வீட்டில் போய் இருப்பது வேறு. இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு இந்த வயதாகியிருக்கிறது. முன்பு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இங்கே நம் வீட்டுக்கு வந்துவிடு. சபையார் என்ன சொல்வார்கள் என்று அஞ்சாதே, அவர்களுக்குப் பதில் சொல்வது என் பாடு.

பொல்காவலையில் இறங்கிப் பதுளை ரயிலுக்கு மாற வேண்டும், அங்கே தூங்கிவிடாதே. அப்புத்தளை தாண்டக் குளிரும், கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்துக்கொள். இதை எழுதுகிறேன் என்று சொன்னதும் அம்மா எழுந்து போய் உன் போர்வையை எடுத்து வெயிலில் போட்டாள், இன்னும் பேசவில்லை, ஆனால் தேநீர் சூடாக வந்தது. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன் மனதின் காயத்தை அவருடைய வேளையில் ஆற்றுவாராக. நீ வந்து சேர்ந்தபின் வரும் ஞாயிறு ஆலயத்தில் என் கண்ணுக்கு முன்னால் நில். அந்த வரி வரும்போது உனக்கு வாய் வராவிட்டால் பேசாமல் நில், நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இப்போது பயப்படுகிற உன் அப்பா,
ஞா. மாசிலாமணி