எந்த எலும்பு என்று கேட்டிருந்தாய்

லிந்துலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் டெல்சிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நியூசிலாந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைப் பிடிக்கிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் இந்த மனுஷனுக்குக் கடிதம் ஒரு கேடா என்று சிரிப்பாய். சிரி. போனில் பேசும்போது அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறாள், நீயும் என் முகத்தையே பார்க்கிறாய், எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதி, நானே பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் பார். வேலை நேரத்தில் திறக்காதே, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாசி.

இங்கே பத்து நாளாக விடாத மழை. குசினிக் கூரைத் தகரம் மறுபடி ஒழுகுகிறது, நான் ஏறப் போனால் அம்மா ஏணியைப் பிடுங்கி வைத்துவிடுகிறாள், அறுபத்துமூன்று வயது ஃபிட்டருக்கு ஏணி கிடையாதாம். அவளுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் கோயில் படி ஏறும்போது மட்டும் வலிப்பதில்லை. பிரஷர் மாத்திரை இரண்டு பேரும் ஒழுங்காகப் போடுகிறோம். தேயிலை பெக்டரியில் லொறி ஓட்டிய பொன்னையா அண்ணன் போன மாதம் தவறிவிட்டார் என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். நல்ல சாவுதான், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மயானம் வரைக்கும் நானும் ஒரு தோள் கொடுத்தேன். அவரைப் பற்றி எழுதவேண்டியது இன்னும் இருக்கிறது, கொஞ்சம் பொறு.

உன் சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. "அப்பா, என் இடது கால்ல ஒடஞ்சது எந்த எலும்பு? தொடையா, முழங்காலுக்குக் கீழயா? பிரேம் கட்டுறவரு கேக்குறாரு" என்றாய். ஆஸ்பத்திரிக் கார்டைத் தேடிப் பார்க்கிறேன் என்றேன். அடுத்த வாரம் கேட்டாய், தேடுகிறேன் என்றேன். போன ஞாயிறும் கேட்டாய், கரையான் அரித்திருக்கும் என்றேன். கார்டு தொலையவே இல்லை மகள். என் ஜெபப் புத்தகத்தின் உறைக்குள் இருபத்தாறு வருடமாக இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை சைக்கிள் பிரேம் கட்டுகிற அந்த இரண்டு பேரில் ஒருவருக்குச் சரி சொல்லவேண்டும் என்று நீ சொன்னதால் இனியும் தேடுவதாக நடிக்க முடியாது.

அந்த இரண்டு பேரையும் நான் மறக்கவில்லை. முதல் ஆள் நகரத்தில் பெரிய கடை வைத்திருப்பவர், மூன்று மாதத்தில் டைட்டேனியம் பிரேமை உன் அளவுக்குக் கட்டித் தந்துவிடுவார், இந்த வருடம் நீ போகப்போகிற மலைச் சைக்கிள் பயணத்துக்கும் சரியாக வந்துவிடும். அவர் செய்த ஒன்றின் படத்தைப் பார்த்து அம்மா "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள். கரும்பச்சைப் பெயின்ட், வெல்டிங் செய்த இடமே தெரியவில்லை, ஒரே பைப்பாக முளைத்தது மாதிரி. இரண்டாவது ஆள் வீட்டுக்குப் பின்னால் தனியாக வேலை செய்கிறவர், ஒன்பது மாதம் கேட்கிறார், பெயின்ட் கிடையாது, வெல்டிங் செய்த ஒட்டெல்லாம் வெளியே தெரிகிறது, போதாததற்கு ஆஸ்பத்திரியில் துண்டுச் சீட்டு எழுதுகிறவர் மாதிரி நாற்பது கேள்வி. இதுவரை எத்தனை பிரேம் உடைந்து திரும்பி வந்தது என்று நீ கேட்டதற்கு முதல் ஆள் ஒன்றுகூட இல்லை என்றாராம். இரண்டாமவர் மூன்று என்றாராம், எந்த வருடம், எந்த இடத்தில் வெடித்தது, தான் எங்கே பிழை விட்டேன் என்று படம் வேறு அனுப்பினாராம். "மூணு ஒடச்ச ஆளுகிட்ட யாருப்பா குடுப்பா" என்று நீ சிரித்தாய், அம்மாவும் சிரித்தாள். நான் நாய் குரைக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். நாய் குரைக்கவில்லை.

சனிக்கிழமை இரண்டு படத்தையும் போனில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். அங்கே வெல்டிங் கடை வைத்திருக்கிற சுஜீவன் கட்டாரில் எட்டு வருடம் பைப் ஒட்டினவன், டைட்டேனியமும் ஒட்டியிருக்கிறான். நான் வாழ்நாளெல்லாம் இரும்பு ஒட்டினவன், இந்த உலோகம் எனக்குத் தெரியாது. "சூட்டுல இருக்கும்போது காத்து பட்டாப் போச்சுங்க அண்ணே, பைப்புக்கு உள்ளுக்குள்ளயும் கேஸ் விட்டுக்கிட்டுத்தான் ஒட்டணும். நல்ல ஒட்டு வெள்ளி மாதிரி பளிச்சுன்னு இருக்கும். நீலம் ஓடி, சாம்பல் பூத்திருந்தா உள்ள மொறமொறன்னு ஆயிருச்சுன்னு அர்த்தம், என்னைக்காவது வெடிக்கும்" என்றான். இரண்டாவது ஆளின் படத்தைப் பெரிதாக்கி, கண்ணருகே வைத்துப் பார்த்து "இது சரிங்க" என்றான். முதல் ஆளின் படத்தைப் பார்த்துவிட்டு போனை என் கையிலேயே திருப்பித் தந்தான். "இதுல பாக்க என்னங்க இருக்கு, பெயின்டுதான் இருக்கு" என்றான். துருவே பிடிக்காத சாமானுக்கு எதற்கடா பெயின்ட் என்று கேட்டேன். "அழகுக்குத்தான்னு வச்சுக்குவோமே" என்றான். அந்த முதல் ஆள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பச்சைக்குக் கீழே தங்கமான வேலை இருக்கலாம். ஆனால் பெயின்டுக்குக் கீழே வேறு என்னவும் இருக்கலாம் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு உனக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது எழுதவேண்டும்.

கம்பனியிலிருந்து வீ.ஏ. என்கிற பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே தோட்டம் முழுக்க வேஷம் கட்டும், உனக்கும் ஞாபகம் இருக்கும். லயத்து வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு, பெக்டரி மெஷினுக்கு வெள்ளிப் பெயின்ட். எந்த போல்ட் கழன்றிருக்கிறது, எந்த இரும்பு வெடித்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, பெயின்ட் அடித்தால் ரிப்பேர் முடிந்தது. நானும் அப்படியே பழகியவன். அப்போது உனக்கு ஆறு வயது. மலையில் சைக்கிள் எதற்கு என்று தோட்டமே சிரித்தும் நான் ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தேன், ஏற்றத்தில் தள்ளுவேன், இறக்கத்தில் உன்னைப் பின்னால் வைத்து ஓட்டுவேன். அதில் ஹேண்டிலுக்குக் கீழே பைப் சேருகிற இடத்தில் வெடிப்பு விட்டது. வீ.ஏ. வருவதற்கு முதல் நாள், வேலை நேரத்தில், யாரிடமும் கேட்காமல், பெக்டரி வெல்டிங் மெஷினிலேயே அதை ஒட்டினேன். அவசரத்தில் ஒட்டியது உள்ளே பிடிக்கவில்லை என்று என் கைக்கே தெரிந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால் அரத்தால் ராவி மட்டமாக்கி, மெஷினுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளிப் பெயின்டை அதற்கும் அடித்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. நீ கைதட்டினாய். அடித்தவனே அந்தப் பெயின்டை நம்பிவிட்டேன் மகள்.

இரண்டு நாள் கழித்து உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும்போது பாலத்து இறக்கத்தில் பிரேம் இரண்டாக விட்டு முன் வீல் தனியாகப் போனது. நான் உன் மேல் விழுந்தேன், என் பாரம் முழுவதும் உன் தொடையில். உடைந்தது இடது தொடை எலும்பு, முழங்காலுக்கு மேலே, கார்டிலும் அப்படித்தான் இருக்கிறது. பின்னால் லொறியில் வந்த பொன்னையா அண்ணன் உன்னைத் தூக்கி ஏற்றினார். உடைந்த பைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெக்டரி மெஷினைக் களவாக எடுத்தது தெரிந்தால் வேலையும் போகும், வீடும் போகும் என்று நான் அவர் கையைப் பிடித்து அழுதேன். உன்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு அவர் அந்தச் சைக்கிளைக் கொண்டுபோய் எங்கோ போட்டார், எங்கே என்று நான் கேட்கவும் இல்லை. டொக்டரிடம் பிள்ளை வீலுக்குள் காலை விட்டுவிட்டாள் என்று சொன்னேன். அந்தச் சிங்கள டொக்டர் உன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் தொடை எப்படி உடைந்தது என்றார். கார்டை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டதும் அதனால்தான்.

அம்மாவிடமும் அதையே சொன்னேன். நீ கண் விழித்ததும் உன்னிடமும் அதையே சொன்னேன். நீ ஒருநாளும் வீலுக்குள் காலை விட்டதில்லை, மகள். "சும்மா இருக்கத் தெரியாத காலு" என்று அம்மா உன்னை எத்தனை தரம் ஏசியிருக்கிறாள், நீ பஸ்ஸில்கூட காலை மடக்கி சீட்டுக்கு மேல் வைத்துக்கொள்வாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் நொண்டி என்று கூப்பிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தவள், நான் சண்டைக்குக் கிளம்பியதும் "என் தப்புதானப்பா, விடுங்க" என்று என்னையே சமாதானம் செய்தாய். அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும். உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். பொன்னையா அண்ணனைக் குழியில் இறக்கியபோது, இனி இது யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இறக்கத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்குப் பாலத்து இறக்கம்தான். சைக்கிளே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை, அந்தக் காலை வைத்துக்கொண்டு நீ மலை ஏறுவது எனக்குப் பெருமைதான். ஒன்று செய். முதல் ஆளிடம் பெயின்ட் அடிக்கும் முன் எடுத்த படம் கேள், ஒவ்வொரு ஒட்டுக்கும். தந்து, அது வெள்ளியாகப் பளிச்சென்று இருந்தால் அவரிடமே செய், நான் மறுபேச்சு பேசமாட்டேன். சாக்குச் சொன்னால் விட்டுவிடு. என் வேலையில் ஒன்றுகூட உடைந்ததில்லை என்று சொல்லித்தான் நானும் பெக்டரியில் மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றேன். மூன்று உடைந்தது என்று கேட்டவுடன் சொல்கிற மனிதரை எனக்கு நம்பத் தோன்றுகிறது. இந்த வருடப் பயணம் போனால் போகட்டும், மலை எங்கேயும் ஓடிப்போகாது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். இதை அனுப்பிவிட்டு, அவள் வந்து குடையை மடக்கியதும் சொல்லிவிடுவேன், முதலில் அவளிடம் சொன்னால் இதை அனுப்ப எனக்குத் தைரியம் இருக்காது. அவள் என்ன செய்வாள் என்று தெரியவில்லை. நீ என் போனை எடுக்காவிட்டால் நான் குறை நினைக்கமாட்டேன், ஆனால் அம்மாவின் போனை எடு, அவள் பாவம். என்னை மன்னித்துக்கொள் மகள். உடனே முடியாவிட்டால் முடிகிற அன்றைக்குப் போதும்.

நீ போகிற வழியெல்லாம் மாதா உனக்கு முன்னால் போகட்டும், இறக்கத்தில் உன் பக்கத்தில் இருக்கட்டும். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு போ, நேரத்துக்குத் தூங்கு. கார்டின் படமும் கடைசியில் இருக்கிறது, அவர்களுக்கு அனுப்பிவிடு.

ஒன்றை மறந்துவிடாதே. இரண்டாவது ஆளின் படிவத்தை நீ எனக்கு அனுப்பியிருந்தாய், இங்கிலீஷ் என்றாலும் அந்த ஒரு வரி எனக்கு விளங்கியது. கால் உடைந்த காரணம் என்ற இடத்தில், சின்ன வயதில் என் காலை வீலுக்குள் விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமைக்கு முன் அதை வெட்டிவிட்டு, அப்பா ஒட்டிய ஒட்டு விட்டுப்போனது என்று எழுது.

உன் அப்பா,
ஞானரட்ணம்.