கண்ணில் வைத்த தயிர்

செனாய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிரவீனாவுக்கு,

அண்ணி வாசுகி எழுதிக்கொள்வது. வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் போன் செய்தாலும் உன் அண்ணன் செய்தாலும் நீ எடுப்பதில்லை. அதனால்தான், தினமும் ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் பக்கத்து வீட்டுச் செல்வாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். ஒற்றைக் கண்ணுக்குக் கோடு பிடிபடவில்லை, சிரிக்காதே.

உன் அம்மா நலம். வருகிறவர்களிடமெல்லாம், "தயிர வச்சிதான் கண்ணு போச்சி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மகள்மேல் அவ்வளவு கோபமா, இல்லை நான் முந்தி உன்னைக் குறை சொல்லிவிடக் கூடாது என்றா, தெரியவில்லை.

அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். நாம் இருவரும் வீட்டில் காய்ச்சிக்கொண்டிருந்த சோப்புக் கலவை, சரியாக வேகாமல் பொங்கி என் வலக்கண்ணில் தெறித்தது. நான் அலறினேன். சோப்பில் கலக்க அடித்து வைத்திருந்த தயிரை நீ அள்ளி என் கண்ணில் அப்பி, துணியால் கட்டி, கிளினிக்குக்குக் கூட்டிப்போனாய். உடனே குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் உன்னைத் திட்டியது என் காதிலும் விழுந்தது.

உன்மேல் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வார்டில் படுத்தபடி மனதுக்குள் உன்னை நிறையத் திட்டினேன். ஆனால் எண்ணெய் தெறித்தாலும் வெயிலில் தோல் வெந்தாலும் நம் வீட்டில் தயிர்தானே. உனக்குத் தெறித்திருந்தால் நானும் அதைத்தான் அப்பியிருப்பேன். இதை உன்னிடம் சொல்வதற்குள் நீ பாலம் தாண்டிவிட்டாய். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சோப்பு வேலையே வேண்டாம் என்று உன் அண்ணன் சட்டியை ஒளித்து வைத்தார். அதைத் தேடி எடுத்து, போன வாரம் மறுபடி காய்ச்சினேன். பயப்படாதே, பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். காஸ்டிக் சோடாவின் காரம் அடங்கி, கலவை வாஸலின்போல் தெளிந்த பிறகுதான் தயிரையும், இளக்கத்துக்கு சோடியம் லாக்டேட் கரைசலையும் விட்டேன். தோசைமாவுப் பதத்தில் அழகாகத்தான் வந்தது. ஊற்றும்போது அச்சு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. பாதி மேசையில் கொட்டிவிட்டது. அதைத் துடைப்பதற்குள் சட்டியில் இருந்தது களியாக இறுகிப்போனது. நீ எதிரில் நின்று அச்சைப் பிடித்துக்கொள்வாயே, அதை நினைத்து அழுதேன்.

வரும் வியாழக்கிழமை ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணை எடுத்துவிடப் போகிறார்கள். விட்டுவைத்தால் மற்றதையும் கெடுத்துவிடலாமாம். உன் அண்ணனுக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது. உன் அம்மா வந்தால் அழுவார், நான்தான் தேற்ற வேண்டியிருக்கும்.

நீ புதன்கிழமையே வந்துவிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. வந்து என் வலப்பக்கம் நின்றுகொள், போதும். அந்தப் பக்கம் யார் வந்தாலும் எனக்குத் தெரிவதில்லை, பிரவீனா. ஒவ்வொரு முறையும் பயந்துபோகிறேன்.

உன் இரண்டு கண்ணையும் அந்த மாரியம்மன் காக்கட்டும்.

உன் அண்ணி,
வாசுகி