மின்சார வகை மட்டும்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் கடை ஒன்று இருக்கிறது. இன்று காலை அந்த வழியால் நடந்தபோது அந்த மணம் மூக்கில் ஏறியது. தொண்டையைக் கரகரக்கவைக்கும் அமில மணம். செத்துப்போன மனிதரை நடு ரோட்டில் நின்று திட்டக்கூடாது. ஆனாலும் திட்டினேன். நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் உங்கள்மேல் எனக்கு வருகிற எரிச்சல் மட்டும் குறையவில்லை.

எங்கள் குசினி முழுக்க அந்த மணமாகத்தான் இருந்தது. சண்டை ஓய்ந்து, அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, பழைய வளவுக்குள்ளேயே தகரக் கொட்டில் போட்டு இருந்த காலம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கும் கரண்ட் இல்லை. எங்கிருந்தோ ஒரு பழைய லொறிப் பற்றரியைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். மகள் படிக்க ஒரு பல்ப் எரியும் என்று நானும் சந்தோசப்பட்டேன்.

அந்தக் கிழமைதான் பாரிசிலிருந்து உங்கள் அக்காவின் பார்சல் வந்தது. உடுப்பு, சொக்லேட், சவர்க்காரம். எல்லாவற்றுக்கும் அடியில், அவருடைய மகன் விளையாடி அலுத்துப்போன ஒரு சின்னக் கேம் பெட்டி.

"மாமா, உதுக்குள்ள இருக்கிறது கடையில விக்கிற கேம் இல்லை. அந்தக் கேமில விசர் பிடிச்ச ஆக்கள் அதை உடைச்சு, தங்கட எண்ணத்துக்கு மாத்தி வச்சிருக்கினம். சரியான கஷ்டம்" என்று அவன் போனில் சொன்னான். கஷ்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் உங்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்போதே அந்தப் பெட்டியைக் கடலில் எறிந்திருக்க வேண்டும்.

உங்கள் வலது கையில் பெருவிரலையும் அடுத்த இரண்டையும் ஷெல் கொண்டுபோயிருந்தது. இடது கையாலேயே படகு எஞ்சின் கழற்றிப் பூட்டுவீர்கள். ஆனால் அந்தப் பெட்டிக்கு இரண்டு பெருவிரலும் வேண்டும். திரையில் வருவதெல்லாம் இங்கிலிஷ். ஆகவே வாசிக்கவும் நான், பொத்தானை அமத்தவும் நான். ஏ.எல். வரை படித்ததற்கு எனக்கு வீட்டில் கிடைத்த உத்தியோகம் அது. நீங்கள் பக்கத்தில் சம்மாணம் போட்டிருந்து கட்டளை போடுவீர்கள். "இடப்பக்கம் போ. நில். பத்தைக்குள்ள இறங்கு. அடி!" அடுப்பில் சொதி பொங்கி வழியும்.

விளையாட்டு ஒன்றும் விளங்காததல்ல. காட்டில் திரியும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மற்றவர்களுடைய பிராணிகளோடு சண்டைக்கு விட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வகை. நீர் வகை நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லைப் பொசுக்கும். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று பிடித்து வைத்துக்கொண்டால் எவரையும் வெல்லலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியவில்லை.

"எங்கட ஒழுங்கைக்குக் கரண்ட் வாற வரைக்கும் மின்சார வகையைத் தவிர வேற ஒண்டும் பிடிக்கமாட்டன்" என்றீர்கள்.

"உங்களுக்கென்ன விசரே?"

"மடு மாதாவுக்கு நேர்த்தி வச்சிட்டன்."

"மாதாவுக்கு வேற வேலை இல்லையே?"

"அதை நீ மாதாவைக் கேள். இப்ப அந்த மஞ்சள் எலியைப் பிடி, ஓடப்போகுது."

ஆறு பிராணிகள், ஆறும் மின்சாரம். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு, விளையாட்டில் ஊருக்கு ஊர் வழிமறிக்கும் தலைவர்களில், மண் வகை வைத்திருந்த ஒருவனிடம் போய்ச் சேர்ந்தோம். மண்ணுக்கு மின்சாரம் அடித்தால் ஒன்றும் ஆகாது. உடைத்து மாற்றிய புண்ணியவான்கள் அவனுடைய பிராணிகளை இன்னும் பலப்படுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் ஆறும் வரிசையாக விழும். வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சுகமாக்கி மறுபடி போவோம். மறுபடி விழும். வெளியே திரியும் ஒரு நீர்ப் பிராணியைப் பிடித்தால் போதும், அவன் கரைந்துபோவான். பாரிஸ் மருமகனும் போனில் அதையே சொன்னான். நீங்கள் தலையை ஆட்டினீர்கள், இல்லை என்று.

வீட்டுக்கு வெளியிலும் அதே கதைதான். மின்கம்பங்கள் தேவாலயம் வரைக்கும் வந்து நின்றுவிட்டன. எங்கள் ஒழுங்கையில் குடும்பங்கள் குறைவு, அதனால் இப்போதைக்கு இல்லை என்று மின்சாரக் கந்தோரில் சொன்னார்கள். அந்த நேரம் தலைமன்னாரிலிருந்து என் அண்ணன் வந்து, தன் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, கரண்ட் இருக்கிறது, பள்ளிக்கூடமும் பக்கம் என்று கூப்பிட்டார். நான் உடுப்பை மடிக்கவே தொடங்கிவிட்டேன்.

"நாங்களும் போனா, பிறகு ஆருக்கு எண்டு கம்பம் நடுவினம்?" என்று கேட்டீர்கள்.

"பிள்ளையின்ர படிப்பு?"

"பல்ப் எரியுதுதானே."

"எரியேல்லை! நீங்கள் கேம் பெட்டிக்குச் சார்ஜ் ஏத்தி முடிச்சிட்டியள்!"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து உங்கள் மடியில் போட்டேன். "இனி உங்களுக்கு நான் விரல் இல்லை. நீங்களே அமத்துங்கோ."

அமத்தினீர்கள். பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, இடது பெருவிரலால் ஒரு பக்கமும், வலது கையில் மிஞ்சிய சின்ன விரலால் மறுபக்கமும். நடக்கச் சொன்னால் உருவம் மதிலில் போய் முட்டும். மருந்து கொடுக்க வேண்டிய இடத்தில் அடி விழும். வேர்த்துக் கொட்டக் கொட்ட விடாமல் செய்தீர்கள். நான் மூன்றாம் நாள் அகப்பையோடு வந்தேன். இரக்கத்தில் இல்லை. ஒரு மனிதர் ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப விடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் கறி காய்ச்ச முடியவில்லை.

"தாங்கோ இஞ்ச" என்றேன். தந்தீர்கள். ஒரு நன்றி இல்லை. "வடக்கால போ, மலைப் பக்கம் பாக்கேல்லை" என்றீர்கள்.

அந்த மலையில்தான் அந்தப் பறவை கிடைத்தது. மின்சார வகைதான், ஆனால் பறக்கும் வகையும் அதுவே. பறப்பதை மண் தொடாது. நான் வாசித்துச் சொன்னதும் நீங்கள் எழும்பி நின்றுவிட்டீர்கள். ஆனால் அதனுடைய மின்சாரமும் மண்ணில் ஏறாதே. அலகால் மட்டும் கொத்த வேண்டும். கொத்து, கொத்து, மருந்து. கொத்து, கொத்து, மருந்து. பின்னேரம் முழுக்க அதுதான். மண் தலைவனுடைய கடைசிப் பிராணிக்கு ஒரு மயிரிழை உயிர் மிஞ்சியிருந்தபோது, சிவப்பு வெளிச்சம் மினுங்கி, பெட்டி அணைந்துபோனது. சேமிக்கவில்லை. லொறிப் பற்றரியிலும் ஒன்றும் இல்லை.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு விளையாட்டுக்காக உட்கார்ந்து அழுதேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு பற்றரியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "ஏன் அழுகிறாய்? ஏலும் எண்டு தெரிஞ்சு போச்சுத்தானே."

சார்ஜ் ஏற்றி வந்து அடுத்த நாளே வென்றோம். நீங்கள் பெரிதாகச் சந்தோசப்படவில்லை. உங்களுக்கு அது முந்தின நாளே முடிந்துவிட்டது.

அதே புத்தியோடு மின்சாரக் கந்தோருக்கும் போனீர்கள். கிழமைக்கு ஒரு தரம் காலையில் போய், கதிரையில் இருந்து, பதில் கேட்டு, பின்னேரம் வருவீர்கள். என்னையும் இழுத்துக்கொண்டுதான். சண்டை பிடிப்பதில்லை. சும்மா இருப்பீர்கள். உங்களைக் கண்டாலே அங்கே மேசையில் இருந்த ஐயா கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைப்பார். நாங்கள் போகவில்லை என்று கண்டு, ஒழுங்கையை விட்டு வவுனியாவில் போய் நின்ற இரண்டு குடும்பங்களும் திரும்பி வந்தன. மாரி முடிய எங்கள் ஒழுங்கையில் கம்பம் நட்டார்கள்.

பல்ப் எரிந்த அன்று அயலே கூடி நின்று கை தட்டியது. நீங்கள் சுவரில் இருந்த ஆளியைப் போட்டு, அணைத்து, போட்டுப் பார்த்துவிட்டு என்ன சொன்னீர்கள் தெரியுமா?

"சரி, நேர்த்தி முடிஞ்சுது. இனி நீர் வகை ஒண்டு பிடிப்பம்."

எனக்கு வந்த கோபம்! "இவ்வளவு காலமும் என்ர விரலை வதைச்சுப்போட்டு இப்ப நீரோ? நான் பிடிக்கமாட்டன். ஆறும் மின்சாரம்தான், கடைசி வரைக்கும்."

"நேர்த்தி என்ர. உனக்கென்ன?"

"விரல் என்ர."

கடைசித் தலைவனையும் அந்த ஆறோடுதான் வென்றோம்.

பிறகு ஒரு நாள் கரையில் வலைச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஓட்டோவில் என் தோளில் கிடந்தபோதும் கட்டளைதான். "பிள்ளைக்குச் சொல்லாதை. சோதனை நடக்குது." ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுன் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. அவளுக்குச் சொன்னேன். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு அவள் மறுநாள் போய்ச் சோதனை எழுதினாள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

அவள் இப்போது வவுனியாவில் வேலை. என்னோடு வந்து இருங்கோ அம்மா என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் நச்சரிக்கிறாள். குழாய்த் தண்ணீர் தேவாலயம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. எங்கள் ஒழுங்கையில் குடும்பங்கள் குறைவாம். நானும் போனால் பிறகு யாருக்கென்று குழாய் புதைப்பார்கள்? ஆகவே கிழமைக்கு ஒரு தரம் பஸ் ஏறுகிறேன். இன்று காலை போனதும் அதற்குத்தான். தண்ணீர்க் கந்தோரில் புதுசாக வந்திருக்கும் பொடியன் மரியாதையானவன். "அம்மா, திரும்பத் திரும்ப ஏன் அலையிறியள்? வந்தா நாங்களே அறிவிப்பம்" என்றான்.

"பரவாயில்லை தம்பி, நான் இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு இருந்தேன். பின்னேரம் வரைக்கும். முதுகு நொந்தது. சாப்பிடவில்லை. நான் இப்படிப்பட்ட மனுசி இல்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போய் நிம்மதியாக இருக்கத்தான் எனக்கு எப்போதும் விருப்பம். இந்தக் குணம் உங்களுடையது. போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.