எண்பத்தேழாம் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

மகளின் அறிவியல் தேர்வுத்தாள் வந்தது. விண்கலத்துக்குள் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள் என்று ஒரு கேள்வி, ஐந்து மதிப்பெண். அவள் எழுதியது: "கலமும் ஆட்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் மிக வேகமாகப் போவதால் தரையில் வந்து மோதுவதில்லை. எல்லாம் ஒன்றாக விழுவதால் மிதப்பதுபோல் இருக்கிறது." அதன் மேல் சிவப்பு மையில் குறுக்குக்கோடு. பக்கத்தில், "அங்கே ஈர்ப்பு விசை கிடையாது." பூஜ்யம்.

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்ட் இறங்க ஆரம்பிக்கும்போது வயிறு ஏன் லேசாகிறது என்று அவள் கேட்க, இவர் கப்பியும் கயிறும் எதிர்எடையும் படம் போட்டுக் காட்ட, மீதியை அவளே நூலகத்தில் தேடிப் படித்தாள். பன்னிரண்டு வயசு. அழவில்லை. "தப்புன்னா ஏன் தப்புன்னு எழுதணும்ல?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிகிறது.

மார்ச் 4

அரைநாள் விடுப்பு போட்டுப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் நோட்டுக் குவியலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"உங்க பொண்ணு எழுதினது சரியாவே இருக்கட்டும்மா. புத்தகத்துல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க். மத்த முப்பத்தொன்பது பேருக்கு ஒரு நியாயம், உங்க பொண்ணுக்கு ஒரு நியாயமா?"

"புத்தகமே தப்பா இருந்தா?"

"அதை அடிச்சவங்ககிட்டப் போய்க் கேளுங்க."

புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். எண்பத்தேழாம் பக்கம். பெரிய ராக்கெட் படம், அடியில் அதே வரி. அடித்தவர்கள் நாங்கள்தான். அந்தப் பதிப்பகத்தில் பதினொரு வருஷமாகப் பிழை திருத்துகிறேன். மகள் படிப்பது எங்கள் புத்தகம் என்பது தெரியாததல்ல. ஆனால் இந்த வரி? இதுவும் என் கைவழியாகத்தானே போயிருக்கும்?

மார்ச் 5

அலுவலக அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தின் பழைய திருத்தப் படியை எடுத்தேன். என் பச்சை மை. "ஈர்ப்பு விசைக் கிடையாது" என்று இருந்திருக்கிறது. அந்த வேண்டாத 'க்'கைச் சுழித்து, எடுத்துவிடச் சொல்லி ஓரத்தில் குறி போட்டிருக்கிறேன். பொய்யில் இருந்த ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டுப் பொய்யை அப்படியே அனுப்பியிருக்கிறேன். சீ.

மார்ச் 6

அடுத்த வாரம் அதே புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகிறது. பதிப்பாசிரியரிடம் போனேன். "சார், எண்பத்தேழாம் பக்கத்துல ஒரு தப்பு. விண்கலம் போற உயரத்துலயும் தரையில இருக்கற ஈர்ப்புல பத்துல ஒன்பது பங்கு இருக்கு. இல்லேன்னா கலம் சுத்திக்கிட்டே இருக்குமா? எங்கயோ போயிருக்காதா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பேராசிரியர் எழுதினது. நீ எழுத்தைப் பாரு, போதும். கருத்தைப் பாக்க ஆள் இருக்காங்க."

எழுத்தைப் பாருவாம்! கருத்தைப் பார்க்கிற ஆள் எங்கே? அந்த நாற்காலியை எனக்கும் காட்டச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

மார்ச் 8

"விடும்மா, அஞ்சு மார்க்தானே," என்றாள் மகள். விடமாட்டேன்.

மார்ச் 9

பேராசிரியருக்கே போன் போட்டேன். முன்னுரையில் எண் இருந்தது. வயதான குரல், இருமல். வரியை வாசித்துக் காட்டினேன்.

"நான் அப்படி எழுதலையேம்மா. நாலு வரி எழுதினேன். விழுந்துக்கிட்டே இருக்காங்கன்னு தெளிவா எழுதினேன். புத்தகம் வந்ததும் பிரிச்சுப் பாக்கல, அது என் தப்பு. கையெழுத்துப் பிரதி இருக்கு. அனுப்பவா?"

மாலையில் படம் எடுத்து அனுப்பினார். நாலு வரி. மணிமணியாக.

மார்ச் 11

கையெழுத்துப் பிரதியின் படத்தை அச்சிட்டுப் பதிப்பாசிரியர் மேசையில் வைத்தேன். ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"இடம் பத்தல. ராக்கெட் படம் வேணும்னு மேலேருந்து சொன்னாங்க. நாலு வரியை ஒரு வரியாக்கினேன். இப்ப சேத்தா அடுத்த பக்கத்து காந்தப் பாடம் தள்ளும். அதுக்கப்புறம் நெம்புகோல், கப்பி எல்லாம் தள்ளும். நாளைக்கு அச்சு."

"படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்க."

"எனக்கு நீ சொல்லித்தர்றியா?"

ஆக, வெட்டியதும் இவரே, பேராசிரியர் தலையில் பழியைப் போட்டதும் இவரே. எத்தனை வருஷம், எத்தனை பிள்ளைகள்! இடம் பத்தலயாம்!

மார்ச் 12

கடைசிப் படியில் பிழை திருத்துபவர் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் இயந்திரம் ஓடாது. நான் போடவில்லை.

"கடைசியாக் கேக்கறேன்."

"போட மாட்டேன் சார்."

எதிர் மேசை அக்கா போட்டுவிட்டாள். போகும்போது என் தோளைத் தொட்டு, "எனக்கு வேற வழி தெரியலடி," என்றாள். கையை உதறிவிட்டேன். அவள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கோபமாகத்தான் வருகிறது.

மார்ச் 17

என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். விலைப்பட்டியல், அழைப்பிதழ், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் சீட்டு. ஜன்னல் கிடையாது. வீட்டில் இவர் சொன்னார்: "கோவத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே? எதையாவது தூக்கவாவது ஆகுமா?"

சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தேன்.

மார்ச் 24

புத்தகம் வந்துவிட்டது. அதே வரி. ஒற்றுப்பிழை இல்லாமல்.

ஏப்ரல் 2

மருந்துச் சீட்டு அடிக்கிற சின்ன இயந்திரத்தில், மதிய இடைவேளையில், பேராசிரியரின் நாலு வரியை நாற்பது சீட்டாக அடித்தேன். காகிதம் என்னுடையது. ராக்கெட் படத்தின் மேல் ஒட்டினால் அடியில் இருக்கும் வரியையும் சேர்த்துச் சரியாக மூடும் அளவு. இயந்திரக்காரர் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தார். "எத்தனை வேளைக்கு ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு போடலையே." ஒரு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தேன்.

ஏப்ரல் 3

நாற்பது சீட்டையும் டீச்சர் மேசையில் வைத்தேன். "அடிச்சவங்ககிட்டக் கேக்கச் சொன்னீங்க. அடிச்சவ நான்தான். இது எழுதினவரோட வார்த்தை." சண்டைக்கு முந்தானையைச் செருகிக்கொண்டு போனவள் நான். அவரோ நின்றபடியே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நானும் இப்படித்தாங்க படிச்சேன், ஈர்ப்பே இல்லன்னு," என்றார். மெதுவாக.

சண்டை போட வந்த எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9

மகளின் தாள் திரும்பி வந்தது. பூஜ்யத்தை அடித்து ஐந்து. கீழே டீச்சரின் கையெழுத்து, தேதி. மகள் அதைக் காட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான்தான் சமையலறையில் நின்று அழுதேன். கோபத்தில்தான். வேறெதிலும் இல்லை.

ஏப்ரல் 21

பதினொரு மணிக்குப் பதிப்பாசிரியர் கீழ்த்தளத்துக்கு வந்தார். இங்கே அவரை யாரும் பார்த்ததில்லை. கையில் பள்ளியிலிருந்து வந்த கடிதம். எண்பத்தேழாம் பக்கத்துக்கான திருத்தச் சீட்டு தங்கள் பள்ளியின் மற்ற ஆறு பிரிவுகளுக்கும் வேண்டுமாம். வேறு மூன்று பள்ளிகளும் கேட்டிருக்கின்றனவாம்.

கடிதத்தை என் மேசையில் வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மாட்டிக்கொண்டார்.

"அந்தச் சீட்டு... என்ன அளவுல அடிச்சே?"

உட்காரச் சொல்லவில்லை. அளவைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.