மரியநாயகியை இனி வைச்சிருக்கேலாது

குருநகர்,
சனிக்கிழமை.

அன்புள்ள மாமிக்கு,

பிரியந்தினி எழுதுகிறேன். சுகம் கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மீன் வான் ஓட்டும் அடைக்கலநாதன் அண்ணை உங்களைப் பருத்தித்துறைச் சந்தையில் கண்டாராம். ஒரு பாரைக்குட்டியின் செவுளைத் திறந்து காட்டி, விற்றவனோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் போன் எடுத்தால் நீங்கள் கதைக்காமல் ஜெசிதா மச்சாளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை அண்ணையின் வானில் அனுப்புகிறேன். மகளோடு கொஞ்ச நாள் நிற்கப் போயிருக்கிறா என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அது பொய் என்று எனக்கே தெரியும். பூசைக்குப் போகும்போதுகூட "போட்டு வாறன் பிள்ளை" என்று சொல்லாமல் நீங்கள் படலை தாண்டியதில்லை. அன்று "நான் போறன்" என்றீர்கள். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் ஓட்டோ போய்விட்டது.

அந்த நேரம் தொட்டு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இதையும் எழும்பி எழும்பித்தான் எழுதுகிறேன். இப்போதுகூடப் படலையில் சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆடு.

என்ன பிழை செய்தேன் மாமி? கூழுக்கு ஒடியல் மாவைக் கூடப் போட்டேனே, அதுவா? நாடகம் போகிற நேரம் ரிவியை மாற்றினேனே, அதுவா? அடி கறுத்த உங்கள் சட்டியை வெளியில் வைத்தது என்றால், அதைத் திரும்பக் குசினிக்குள் எடுத்துவிட்டேன். இது என் சீதன வீடு என்பது உங்கள் மனதில் கிடக்கிறது என்றும் தெரியும். யார் வந்தாலும் "மருமகளின்ரை வீட்டிலை இருக்கிறன்" என்பீர்கள். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையே.

நீங்கள் போனதிலிருந்து எனக்கும் உங்கள் மகனுக்கும் பேச்சில்லை. நான்தான் உங்களைத் துரத்திவிட்டேன் என்கிறார். அவர்தான் ஏதோ சொல்லியிருப்பார் என்கிறேன் நான். முந்தி என்றால் இப்படி நேரத்தில் நீங்கள் நடுவில் இருப்பீர்கள். "மாமி, சோறு போட்டிருக்கெண்டு உங்கடை மகனிட்டைச் சொல்லுங்கோ" என்பேன். அவர் எட்டிக் கை வைக்கும் தூரத்தில்தான் இருப்பார். நீங்களும் முகத்தை மாற்றாமல், "மனிசி கூப்பிடுது, கோவத்தையும் குழைச்சுத் திண்டுபோட்டு எழும்பு" என்று நான் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வீர்கள். இப்போது சொல்ல ஆளில்லை. அவர் 'இஞ்சாரும்' என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. நேற்றுக் காலையில் சுவரில் இருக்கும் அந்தோனியார் படத்தைப் பார்த்து, "அந்தோனியாரே, தேத்தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்டார். நானும் விடவில்லை. "அந்தோனியாரே, சீனி முடிஞ்சுதெண்டு சொல்லுங்கோ" என்றேன். பாவம், தொலைந்த சாமானைத் தேடிக் கொடுக்கிறவருக்கு இந்த வேலையும் சேர்ந்துவிட்டது.

எனக்கு ஏசுவதென்றாலும் இங்கே வந்து ஏசுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள் பிரியந்தினி.


குருநகர்,
புதன்கிழமை.

அன்புள்ள மாமிக்கு,

ஜெசிதா மச்சாள் நேற்றுப் போன் எடுத்தார். எடுத்தவுடனேயே கேட்டார்: "என்ன பிரியந்தினி, என்ரை அம்மாவுக்கு அடியிலை ஒழுகுதெண்டு சொன்னனீராம்?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முழுதையும் சொன்னார். போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

நானும் உங்கள் மகனும் குசினிக்குள் கதைத்ததை நீங்கள் கிணற்றடியில் நின்று கேட்டிருக்கிறீர்கள். "மரியநாயகியை இனி வைச்சிருக்கேலாது. வயசு போட்டுது. அடியிலை ஒழுகுது. எவ்வளவு பூசினாலும் நிக்குதில்லை. ஆரும் கேட்டால் குடுத்திடுவம்." ஓம், சொன்னது நான்தான். ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் மாமி, அது நீங்களில்லை. வள்ளம்!

ஊரில் எல்லாரும் மாதாவின் பெயரையும் புனிதர்களின் பெயரையும் வள்ளத்துக்கு வைக்க, மாமா உங்கள் பெயரை வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். மரியநாயகிக்குப் பெயின்ற் அடிக்கவேணும், மரியநாயகியைக் கரையில் ஏத்தவேணும் என்று நாளும் பொழுதும் இந்த வீட்டில் கதைக்கிறோம். நீங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறீர்கள். அன்றைக்கு மட்டும் ஏன் பிழையாக விளங்கியது என்று யோசித்தேன். காரணம் பிடிபட்டபோது வெட்கமாக இருந்தது. மற்ற நாட்களில் வள்ளத்தைப் பற்றிச் சத்தமாகத்தான் கதைப்போம். அன்று குரலைத் தாழ்த்திக் கதைத்தோம். வள்ளத்தைப் பற்றிக் குசுகுசுக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். உங்களுக்குச் சொல்லாமல் அதை விற்கப் பார்த்தோம். ஆகையால், உங்களுக்குக் கோபம் வந்ததில் முழுப் பிழை இல்லை.

இனி ஒளிக்காமல் சொல்கிறேன். வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டது. வள்ளத்தின் அடியில் ஒட்டிய இடமெல்லாம் திரும்ப வெடித்துவிட்டது. உங்கள் மகன் வலையை இழுப்பதை விட்டு வாளியால் தண்ணீர் இறைக்கிறாராம். இதைக்கூட அவர் என்னிடம் சொல்லவில்லை, கூடப் போகிறவர்கள் சொன்னார்கள். அவர் கடலுக்குப் போகிற நாட்களில் உலையை வைத்துவிட்டு மறந்து, கடற்கரைக்குப் போய் நிற்கிறேன். விற்றுவிட்டு இன்னொருவரோடு பங்குக்குப் போகலாம் என்றேன். முதலில் சம்மதித்தார். இப்போது, அம்மா வந்து தன் வாயால் ஓம் என்று சொல்லாமல் விற்கமாட்டேன், அதுவரைக்கும் அதில்தான் போவேன் என்று நிற்கிறார். அதையும் அந்தோனியாரிடம்தான் சொன்னார்.

மாமி, அந்த வள்ளம் உங்களுக்கு என்னவென்று எனக்கு முழுதாகத் தெரியாது. எனக்கு உங்கள் மகன் வேண்டும். நீங்களும் வேண்டும். விற்கலாம் என்று சொல்லுங்கள், அல்லது வேண்டாம் என்று சொல்லுங்கள். எதுவென்றாலும் இந்த வீட்டுக்குள் நின்று சொல்லுங்கள். இது உங்கள் வீடும்தான்.

உங்கள் வரவைப் பார்த்துக்கொண்டு,
பிரியந்தினி.


பருத்தித்துறை,
வெள்ளிக்கிழமை.

பிள்ளை பிரியந்தினிக்கு,

மாமி சொல்லச் சொல்ல ஜெசிதா எழுதுறாள். ஒரு சொல்லும் மாத்தாமல் எழுதடி எண்டு சொல்லியிருக்கிறன்.

நீ எழுதினதை வாசிச்சுப்போட்டு முதல் நல்லாச் சிரிச்சன். ஒழுகுறது நான் இல்லை எண்டவுடனை பெரிய ஆறுதல். பிறகு, அப்ப வள்ளம் போகப்போகுது எண்டு விளங்கினவுடனை இருந்த கதிரையிலை இருக்கேலாமல் போச்சு.

உன்ரை மாமா ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு 'இஞ்சாரும்' தான். சாகேக்கையும் 'இஞ்சாரும்' தான். வாயாலை சொல்ல வெக்கப்பட்ட பேரை வள்ளத்தின்ரை முன்பக்கத்திலை சிவப்பு எழுத்திலை எழுதிப்போட்டு, கடற்கரையிலை நிண்டு, "மரியநாயகியை இழுங்கோடா!" எண்டு அந்த மனிசன் ஊர் கேக்கக் கத்தும். நான் வீட்டுக்குள்ளை இருந்து கேட்டுக்கொண்டிருப்பன். இதிலை மை கலைஞ்சிருந்தால் அது ஜெசிதாவின்ரை கண்ணீர், என்ரை இல்லை.

அதுக்காக என்ரை பிள்ளை நடுக்கடலிலை தண்ணி இறைக்கவேணுமோ? வில்லுங்கோ. ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஆனால் பேரோடை குடுக்கவேண்டாம். வேறை ஆரும் அந்தப் பேரைச் சொல்லிக் கத்துறது எனக்கு வேண்டாம். அந்த எழுத்தைச் சுரண்டுறதை நான்தான் சுரண்டுவன், ஒருதரும் கை வைக்கப்படாது.

அதுவரைக்கும் அவனைக் கடலுக்கு விடாதை. இதை அந்தோனியாரிட்டைச் சொல்லாதை, அவன்ரை மூஞ்சியைப் பார்த்து நீயே சொல்லு. அவனுக்கு நான் சொன்னதெண்டு இன்னொண்டும் சொல்லு. உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். வள்ளத்திலை எழுதமுதல் வீட்டிலை கூப்பிடட்டும்.

மாதா உங்கள் ரெண்டு பேரையும் காக்கட்டும். நாளைக்கு அடைக்கலநாதன்ரை வானிலை ஏறுவன். சட்டியைக் கழுவி வை.

வாறன்.

மரியநாயகி