இருபத்து மூன்றாவது கையெழுத்து

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமா? வேலை பிடித்திருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியது பாதிப் பொய். எனக்கு வேலையைப் பிடித்திருக்கிறது. இங்கே இருப்பவர்களுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் லைனில் யாரும் அப்படி அழுத்துவதில்லை. இடது பட்டனில் ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டு, வலது கையால் அழுத்துகிறார்கள், இடது கையால் தகடு மாற்றுகிறார்கள். நான் மட்டும் இரண்டு கையால் அழுத்துவதால் லைனுக்கே வேகம் குறைகிறதாம். "சட்டம் வர்றாரு, வழி விடுங்கப்பா!" என்று கேன்டீனில் கேலி. இருபது நாளாகத் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

உன் தம்பி

ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

கடிதத்தை வாசித்துக் காட்டினேன், மாமா சிரித்தார். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். எல்லோரும் கிழக்கே போனால் நீ மேற்கே போவாய். இத்தனை பேர் இத்தனை வருஷமாகச் செய்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் கை இல்லையா? கூட வேலை பார்ப்பவர்களை முறைத்துக்கொண்டு ஓரிடத்தில் காலம் தள்ள முடியாது. கொஞ்சம் அனுசரித்துப் போடா. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி நானும் மரத்துண்டைச் செருகினேன். அரை மணி நேரத்தில் பக்கத்து மிஷின்காரர் வந்து தோளில் தட்டினார். மதியம் கேன்டீனில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கடையை மூடியதிலிருந்து மாமா சும்மாதானே இருக்கிறார்? லைனில் ஓர் ஆள் தேவைப்படுகிறது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். அனுப்பி வை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

மாமா எழுதியிருந்தார். இரண்டு கையால்தான் அழுத்துவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாராம். 'சட்டம்' என்ற பட்டம் இப்போது அவருக்காம். நீயும் சேர்ந்து சிரிக்கிறாயாமே? அவர் குறையாக எழுதவில்லை, "வயசுப் பையன், விடு" என்றுதான் எழுதியிருக்கிறார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு வேளையாவது அவரோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. அவரோடு போய் உட்கார்ந்தால் நானும் பழையபடி தனி ஆளாகிவிடுவேன். அதைவிட அவரை எங்கள் பக்கம் இழுப்பது சுலபம். இன்று எல்லோர் முன்னாலும் நானே அவருடைய மிஷினில் மரத்துண்டைச் செருகினேன். லைனே கைதட்டியது. மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மதியம் எங்களோடுதான் சாப்பிட்டார். இனி நீ கவலைப்பட வேண்டாம்.

உன் தம்பி

ஏப்ரல் 2
மருத்துவமனை

தம்பிக்கு,

மாமாவுக்கு இடது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். நான் வந்து நான்கு நாளாகிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற நீ எட்டிப் பார்க்கவில்லை.

மரத்துண்டை அவரே செருகிக்கொண்டாராம், லைனில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கமே இல்லையாம். இருபத்திரண்டு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நகலைப் பார்த்தேன். பதினாலாவது உன் கையெழுத்து. நான் எழுதப் பழக்கிய கை அது.

திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்க வருகிறார். தப்பு இவருடையது என்று முடிவானால் வேலை போய்விடும். முடமான கையோடு கெட்ட பெயரையும் சுமக்க வேண்டும். வந்து உள்ளதைச் சொல்லடா. ஒருத்தன் சொன்னால் போதும்.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்தத் தாள் வரிசையாகக் கைமாறி வந்தது. எனக்கு முன்னால் பதிமூன்று பேர் போட்டிருந்தார்கள். பின்னால் ஒருவர் பேனாவுக்குக் காத்துக்கொண்டு நின்றார். யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. உண்மை வெளியே வந்தால் லைனையே மூடிவிடுவார்களாம். நான் ஒருவன் மட்டும் எப்படி மாற்றிச் சொல்வது? யாராவது முதலில் வாயைத் திறந்தால் நானும் திறப்பேன். சத்தியமாக.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நீ வரவில்லை. ஞாயிறு மாலையே மற்ற இருபத்தொரு பேரும் சூப்பர்வைசரும் வந்துவிட்டார்கள். பழம் வாங்கி வந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு வலி எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. பிறகு சூப்பர்வைசர் அந்தத் தாளை எடுத்து, "நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி. நாம எல்லாம் ஒண்ணுதானே?" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அதற்காகத்தான் பார்த்தார். அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது.

திங்கட்கிழமை ஆய்வாளர் தாளைப் படித்துவிட்டுப் போய்விட்டார். வேலை போய்விட்டது. மாமா என்னைத் திட்டவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் இனி எழுதாதே. உன் கடிதத்தைப் பிரித்தால் நான்தான் எனக்குத் தெரிவேன்.

கையெழுத்துப் போடும்போது தாள் நகர்ந்துகொண்டே இருந்தது. கட்டுப் போட்ட கையால் அவரால் அழுத்திக்கொள்ள முடியவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அக்கா